மூன்று கதவு பீரோவும் காரண வாரியமும்

எங்கள் நாட்டில் வைத்தியத்துக்கு யாரும் கைக்காசு போட வேண்டியதில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு அரசாங்கத்தைத் திட்டுகிறான் என்று யாரும் என் மேல் பாயக் கூடாது. நோய்க்கு யார் காரணமோ அவரே செலவை ஏற்க வேண்டும் என்பது சட்டம். நாய் கடித்தால் நாய்க்குச் சொந்தக்காரர். ரோட்டுப் பள்ளத்தில் விழுந்தால் ரோட்டு இலாகா. மேலதிகாரி கத்திக் கத்தி ரத்தக்கொதிப்பு வந்தால் மேலதிகாரி. ஊர் வரிப்பணத்தில் எவனோ ஒருத்தனின் வியாதியை ஏன் குணப்படுத்த வேண்டும் என்று மேடையில் கேட்டார்கள்; நாங்களும் அதானே என்று கைதட்டி ஓட்டுப் போட்டோம். யார் காரணம் என்பதை யார் கண்டுபிடிப்பது என்று மட்டும் ஒருத்தருக்கும் கேட்கத் தோன்றவில்லை.

அதைக் கண்டுபிடிக்க வந்ததுதான் காரண வாரியம். பெரிய ஆஸ்பத்திரியில் ஒரே ஒரு அறையில் ஆரம்பித்தார்கள். இப்போது அங்கே வாரியத்துக்கு நாற்பது அறை, நோயாளிகளுக்கு நாலு கட்டில். அந்த நாலிலும் யாரும் படுத்திருந்து நான் பார்த்ததில்லை. காரணச் சான்றிதழ் இல்லாதவரைப் படுக்க வைக்கக் கூடாது என்று விதி.

நானும் என் அக்கா புருஷனும் வீடு மாற்றுகிறவர்களுக்குச் சாமான் தூக்குகிறவர்கள். ஒரு பழைய வேன், நாலு கயிறு, இரண்டு முதுகு, அவ்வளவுதான் எங்கள் கம்பெனி. போன் எடுத்து வேலை பிடிப்பதும் திட்டுவதும் அக்கா. படியேறும்போது நான் மேல்பிடி, மாமா கீழ்ப்பிடி. கீழ்ப்பிடிக்குத்தான் பாரம் முழுக்க இறங்கும். மாமா அதைப் பற்றி ஒரு நாளும் முணுமுணுத்ததில்லை. எதைப் பற்றியும் முணுமுணுக்க மாட்டார் என்பது வேறு விஷயம். அந்த வீட்டில் அதற்கு அக்கா இருந்தாள்.

சம்பவம் நடந்த அன்று ஒரு மூன்று கதவு பீரோவை நாலாவது மாடிக்கு ஏற்றிக்கொண்டிருந்தோம். பீரோவைக் காலி செய்து தரச் சொன்னால் எவன் செய்கிறான். உள்ளே துணிமணி அத்தனையும் அப்படியே இருந்தது. இரண்டாவது மாடி தாண்டிப் படி திரும்புகிற இடத்தில் எனக்கு மூக்கு அரித்தது. "ஒரு நிமிஷம் மாமா" என்று ஒரு கையை எடுத்தேன். அந்த நேரம் பார்த்து ஏதோ வீட்டில் பெயிண்ட் அடித்த நெடி வந்து மாமா இருமினார். அவ்வளவுதான். பீரோவை மேலே சேர்த்துவிட்டுத்தான் சொன்னார், "மாப்ள, அடிவயித்துல என்னமோ புதுசா இருக்குடா."

எலுமிச்சம்பழ அளவில் ஒரு வீக்கம். படுத்தால் உள்ளே போகும், எழுந்தால் வெளியே வரும். அக்கா எங்கள் இரண்டு பேரையும் ஒன்றாகத் திட்டி ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

அறுவை அறை பளபளவென்று இருந்தது. டாக்டரம்மா கத்திகளை வெந்நீரிலிருந்து எடுத்து வரிசையாக அடுக்கிக்கொண்டிருந்தார். தினமும் காலையில் கொதிக்க வைப்பாராம், சாயங்காலம் அப்படியே எடுத்து உள்ளே வைப்பாராம். மாமாவை நிற்க வைத்து, இருமச் சொல்லி, அமுக்கிப் பார்த்தார்.

"குடலிறக்கம். அரை மணி நேர வேலை. மேசை காலியா இருக்கு, நானும் சும்மாதான் இருக்கேன்" என்றார். "காரணச் சான்றிதழ் கொண்டு வந்திருக்கீங்களா?"

"அது இல்லாம செய்ய முடியாதாங்க?" என்றாள் அக்கா.

"செஞ்சா என் வேலை போயிடும்மா. சீக்கிரம் வாங்கிட்டு வந்துடுங்க. என்னைக்காவது ஒரு நாள் வெளிய வந்தது உள்ள போகாம சிக்கிக்கும். அப்ப சில மணி நேரத்துல அறுக்கலைன்னா ஆள் நமக்குக் கிடைக்க மாட்டாரு."

மாமா அதைக் கேட்டுத் தலையாட்டினார். அக்காவின் முகத்தில் அதுவரை நான் பார்த்திராத ஒரு பயம் வந்தது. வெளியே வந்ததும் அதை அவள் கோபமாக மாற்றிக்கொண்டு வாரியத்தின் கதவைத் தட்டினாள்.

எழுத்தர் ரொம்ப நல்ல மனிதர். நாற்பத்தொரு கேள்வி உள்ள படிவத்தைத் தானே நிரப்பித் தந்தார். பீரோவுக்கு எத்தனை கதவு, பீரோ என்ன மரம், இருமல் எந்தத் திசை நோக்கி விடப்பட்டது என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். குடும்பத்தில் வேறு யாருக்காவது குடலிறக்கம் உண்டா என்ற இடத்தில் மாமா, "எங்கப்பாவுக்கு இருந்துச்சுங்க" என்று உண்மையைச் சொல்லித் தொலைத்தார்.

"அடடா, அப்ப அவரும் ஒரு தரப்பு" என்று எழுத்தர் இன்னொரு தாளைச் செருகினார்.

"அவர் போய்ச் சேர்ந்து பத்தொன்பது வருஷம் ஆச்சுங்க."

"பரவாயில்ல. நோட்டீஸ் அனுப்புவோம். வரலைன்னா வரலைன்னு எழுதிக்குவோம். பிடிவாரண்ட் வரைக்கும் போக மாட்டாங்க, நீங்க கவலைப்படாதீங்க."

முதல் விசாரணைக்கு ஆறு வாரம் ஆனது. அந்த ஆறு வாரமும் வேன் வாசலில் நின்றது. மாமா வீக்கத்தை ஒரு கையால் அமுக்கிப் பிடித்துக்கொண்டே நடந்தார், இருமல் வந்தால் சுவரில் சாய்ந்துகொண்டார். அக்கா தூக்கத்தில்கூட அவர் வயிற்றின் மேல் கை வைத்துப் பார்ப்பாளாம். வீட்டுக்குள் யாரும் மிளகாய் வறுக்கக் கூடாது, யாரும் சிரிப்பு மூட்டக் கூடாது என்று உத்தரவு.

விசாரணை அறையில் நீள மேசை. நடுவில் தலைவர், இரண்டு பக்கமும் இலாகாக்காரர்கள். தொழில் இலாகாவின் ஆள் முதலில் எழுந்தார். "பீரோவின் எடை எங்க பொறுப்புன்னு ஒரு பேச்சுக்கு வச்சுக்குவோம். உள்ள இருந்த துணியோட எடை எப்படி எங்க பொறுப்பாகும்?" உடனே துணி இலாகாவுக்கு ஆள் அனுப்பினார்கள். வீட்டு வசதி இலாகாக்காரர், படி குறுகல் என்பது ஏறுகிறவர் அகலத்தைப் பொறுத்தது என்றார். காற்றுத் தூய்மை இலாகாவிலிருந்து வந்தவர் ஒரு சந்தேகம் கேட்டார். "அது பெயிண்ட் நெடிக்கு வந்த இருமலா, இல்ல ஏற்கெனவே வர இருந்த இருமலா?"

"வந்துச்சு, இருமினேன்" என்றார் மாமா.

"பாருங்க, அவருக்கே தெளிவு இல்ல" என்று அவர் உட்கார்ந்தார்.

மாமாவின் அப்பா பேரை மூன்று தடவை கூப்பிட்டார்கள். வரவில்லை. எழுத்தர் அதைக் குறித்துக்கொண்டார்.

இரண்டாவது அமர்வு, மூன்றாவது அமர்வு என்று போனது. மூன்றாவதில் எனக்குப் பொறுக்கவில்லை. அந்த மூக்கரிப்பு ராத்திரி பகலாக என் நெஞ்சில் உட்கார்ந்திருந்தது. அக்காவிடமும் சொல்லவில்லை, மாமாவும் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. எழுந்து நின்று சொல்லிவிட்டேன்.

"ஐயா, நான்தான் காரணம். கையை எடுத்தது நான். பாரம் முழுக்க அவர் மேல விழுந்துச்சு. என்ன செலவோ நான் ஏத்துக்கறேன். மாசாமாசம் கட்டறேன். சான்றிதழை என் பேர்ல எழுதிக் குடுத்துடுங்க."

இலாகாக்காரர்கள் எல்லாரும் தலைவரைப் பார்த்தார்கள். தலைவர் முகம் இருண்டுவிட்டது.

"உட்காருங்க தம்பி" என்றார். "உங்க வேகம் எனக்குப் புரியுது. ஆனா காரணத்தை நீங்களே வந்து சொல்லிட்டா, நாங்க எதுக்கு? நாளைக்கு ஆளாளுக்கு எழுந்து நான்தான் காரணம், நான்தான் காரணம்னு செலவை ஏத்துக்கிட்டா இந்த நாடு என்ன ஆகும்? காரணம்ங்கறது சொல்லப்படக் கூடாது, கண்டுபிடிக்கப்படணும்."

பிறகு தண்ணீர் குடித்துவிட்டு, எங்களுக்காக என்று இல்லாமல் பொதுவாகவே பேசினார். "முன்னாடி இங்க என்ன நடந்துச்சு? உடம்பு சரியில்லாதவன் வந்தான், மருந்து வாங்கினான், சரியாப் போச்சு, வீட்டுக்குப் போயிட்டான். ஏன் வந்துச்சுன்னு ஒருத்தனாவது யோசிச்சானா? இன்னைக்கு ஒவ்வொரு நோயும் கோப்புல அப்படியே பத்திரமா இருக்கு. போன வருஷம் சிகிச்சைக்குன்னு ஒதுக்கினதுல ஒரு பைசா நாங்க வீணாக்கல. அறுவை மேசையில செத்தவங்க எத்தனை பேரு தெரியுமா? ஒருத்தர் கூட இல்ல. உலகத்துல வேற எந்த நாடாவது இதைச் சொல்ல முடியுமா?"

இலாகாக்காரர்கள் மேசையைத் தட்டினார்கள். மாமாவும் மரியாதைக்காகத் தட்டினார். நானாக முன்வந்து பழியை ஏற்பது சந்தேகத்துக்குரியது என்று என் பேருக்கு எதிரே எழுதிக்கொண்டார்கள். வெளியே வந்ததும் அக்கா என் கன்னத்தில் ஒன்று விட்டாள். பிறகு அதே கையால் என் கண்ணைத் துடைத்தாள்.

நாலாவது அமர்வில், வாய்ப்பேச்சால் முடிவுக்கு வர முடியாததால் சம்பவத்தை மறுபடி நடத்திப் பார்ப்பது என்று தீர்மானம் ஆயிற்று. அதே மாடிப்படி, அதே பீரோ, உள்ளே அதே துணிமணி. வீட்டுக்காரரிடம் ஒரு சட்டை குறைந்ததால் துணி இலாகா அதே எடைக்கு ஒரு சட்டை கொடுத்து உதவியது. பெயிண்ட் டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு ஒரு அதிகாரி இரண்டாவது மாடியில் குச்சியால் கலக்கிக்கொண்டு நின்றார். படி நெடுக ஆட்கள். தலைவர் மூன்றாவது மாடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்.

"அவரால தூக்க முடியாதுங்க. டாக்டரம்மா கூடாதுன்னு சொல்லியிருக்காங்க" என்றாள் அக்கா.

"அம்மா, அன்னைக்கு அவருக்குக் குடலிறக்கம் இல்ல, இன்னைக்கு இருக்கு. அந்த வித்தியாசத்தை நாங்க மனசுல வச்சுப் பார்ப்போம்" என்றார் தலைவர்.

மாமா அக்காவைப் பார்த்தார். "முடிச்சுட்டா சான்றிதழ் குடுத்துடுவாங்க. தூக்கிடறேன்" என்றார். நாற்பது வயது மனிதர், பள்ளிக்கூடத்தில் வாத்தியாரிடம் சொல்வது போலச் சொன்னார். எனக்கு அந்த மேல்பிடியை விட்டுவிட்டு எங்காவது ஓடிவிடலாம் என்று இருந்தது. ஆனால் நான் விட்டால் பீரோ அவர் மேல் அல்லவா விழும்.

திருப்பத்துக்கு வந்தோம். "மூக்கு" என்றார் எழுத்தர். நான் மூக்கைத் தொட்டேன், ஆனால் மற்ற கையில் உயிரைப் பிடித்துக்கொண்டு பாரத்தைத் தாங்கினேன். "பெயிண்ட்" என்றார். குச்சி வேகமாகக் கலக்கியது. மாமாவுக்கு இருமல் வரவில்லை.

"இருமல் இல்லைன்னா சம்பவம் முழுமையாகாது. எல்லாரும் காத்திருப்போம்" என்றார் தலைவர்.

காத்திருந்தோம். பீரோவும் கையுமாக எவ்வளவு நேரம் என்று எனக்குத் தெரியாது. மாமாவின் கழுத்து நரம்பு கயிறாக நின்றது. காற்றுத் தூய்மைக்காரர் டப்பாவை மாமாவின் மூக்குக்கு நேராகக் கொண்டுவந்தார். மாமா இருமினார். இருமிவிட்டு ஒரு சத்தம் போட்டார். அந்த மனிதர் வாயிலிருந்து அப்படி ஒரு சத்தம் வரும் என்று எனக்குத் தெரியாது.

பீரோவைச் சுவரில் சாய்த்துவிட்டு நான் கீழே தாவினேன். மாமா படியில் சுருண்டு கிடந்தார். வீக்கம் கல்லாக இருந்தது, படுக்க வைத்தும் உள்ளே போகவில்லை. வாந்தி எடுத்தார்.

"எத்தனாவது படி?" என்று மேலிருந்து தலைவர் கேட்டார்.

"ஏழு சார்" என்றார் எழுத்தர்.

கயிற்றைப் போட்டு மாமாவை முதுகில் கட்டித் தூக்கினேன். அன்றைக்கு அவர் பாரம் எனக்குத் தெரியவில்லை. யாரோ கையெழுத்து, கையெழுத்து என்று பின்னாலேயே ஓடி வந்தார்கள். அக்கா வேனைக் கிளப்பித் தயாராக வைத்திருந்தாள்.

டாக்டரம்மா பார்த்தார், தொட்டார், சான்றிதழ் எங்கே என்று கேட்கவில்லை. "மேசையில போடுங்க" என்றார். கதவைச் சாத்தினார். கால் மணி நேரத்தில் எழுத்தர் மூச்சிரைக்க வந்து சேர்ந்தார்.

"அம்மா, நிறுத்தச் சொல்லுங்க. அந்தக் குடலிறக்கம் வாரியத்தோட சாட்சியப் பொருள். அதைச் சரிபண்ணிட்டா சாட்சியத்தை அழிச்ச மாதிரி ஆயிடும்."

அக்கா கதவில் முதுகைக் கொடுத்து நின்றாள். "உள்ள கிடக்கறது என் புருஷன். நீ ஒரு அடி எடுத்து வச்சேன்னா, வெளிய ஒரு சாட்சியம் கிடக்கும்" என்றாள். எழுத்தர் யோசித்தார். நல்ல மனிதர், போய் பெஞ்சில் உட்கார்ந்துகொண்டார்.

மாமா பிழைத்தார். இன்னும் ஒரு மணி நேரம் போயிருந்தால் குடல் அழுகியிருக்கும் என்றார் டாக்டரம்மா. சொல்லிவிட்டுத் தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டார். எத்தனையோ மாதத்துக்குப் பிறகு அந்தக் கை வேலை செய்திருந்தது.

தீர்ப்பு பத்து நாளில் வந்துவிட்டது. வாரியத்தின் வரலாற்றிலேயே விரைவான தீர்ப்பு இதுதான் என்று எழுத்தர் எங்களை வாழ்த்தினார். விண்ணப்பதாரருக்கு இப்போது குடலிறக்கம் இல்லை. இல்லாத ஒன்றுக்குக் காரணம் காண இயலாது. காரணம் காண இயலாத நோயைச் சட்டம் நோயாகக் கருதாது. ஆகவே அவருக்கு எந்த நாளும் நோய் இருந்ததில்லை. நோய் இல்லாதவரை அறுத்த குற்றத்துக்கு டாக்டரம்மா வேலையிலிருந்து நிறுத்தப்படுகிறார். மருத்துவர் இல்லாத அறுவை அறை எதற்கு, அது கோப்பறையாக மாற்றப்படும்.

மாமா அந்தத் தாளை இரண்டு தடவை படித்தார். "எனக்காக அந்தம்மா வேலை போச்சே மாப்ள" என்றார். அந்த வாரம் முழுக்க அவர் சோறு சரியாக இறங்காமல் கிடந்தார். அக்கா சொல்லியும் கேட்கவில்லை.

மூன்று மாதம் கழித்து, பெல்ட் கட்டிக்கொண்டு லேசான சாமானாகத் தூக்கலாம் என்று ஆனபோது அக்காவுக்கு ஒரு போன் வந்தது. ஆஸ்பத்திரியில் கோப்பு பீரோக்களை மாற்ற வேண்டுமாம். எந்த அறைக்கு என்று கேட்டதும் அக்கா முடியாது என்று சொல்லப் போனாள். மாமா கையைக் காட்டி, "வரோம்னு சொல்லு" என்றார். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை.

போனோம். நடைபாதையில் பீரோக்கள் வரிசையாக நின்றன, கோப்பு அத்தனையும் உள்ளேயே. ஒருத்தரும் காலி செய்து தருவதில்லை என்று சொன்னேன் அல்லவா. தலைவர் நேரில் வந்திருந்தார். டாக்டரம்மாவும் சாவிக்கொத்தை ஒப்படைக்க வந்து ஓரமாக நின்றார். கத்திகள் மேசை மேல் வரிசையாக இருந்தன. அன்று காலையும் கொதிக்க வைத்திருக்கிறார்.

எங்கள் தொழிலில் தூக்குவதற்கு முன்னால் கதவை அளப்போம். மாமா டேப்பை எடுத்து அறுவை அறைக் கதவை அளந்தார். படுக்கையோடு ஆளை உருட்டிக்கொண்டு போகிற கதவு, நாலடி தாராளமாக இருந்தது. பீரோவை அளந்தார், மூன்றடி. டேப்பைச் சுருட்டிப் பையில் போட்டார்.

"போகாதுங்க" என்றார்.

நான் வாயைத் திறக்கப் போனேன். மாமா என் காலை மிதித்தார்.

"என்னய்யா சொல்ற? நாலடிக் கதவுல மூணடி பீரோ ஏன் போகாது?" என்றார் தலைவர்.

"அது ஏன்னு நான் சொல்லக் கூடாதுங்களே" என்றார் மாமா, ரொம்பப் பணிவாக. "நீங்கதான் கண்டுபிடிக்கணும்."

தலைவர் கண்ணாடியைக் கழற்றினார். கதவைப் பார்த்தார், பீரோவைப் பார்த்தார். ஏன் என்று தனக்குள் ஒரு தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டார். அவர் முகத்தில் மெல்ல மெல்ல ஒரு சந்தோஷம் பரவியது.

"கதவு யார் பொறுப்பு?"

"கட்டட இலாகா சார். பீரோ தளவாட இலாகா" என்றார் எழுத்தர், பேனா மூடியைத் திறந்துகொண்டே.

விசாரணை முடியும் வரை அறை, கதவு, மேசை, கத்தி எதுவும் இம்மியும் நகரக் கூடாது என்று அங்கேயே உத்தரவானது. எல்லாம் இன்று இருக்கிற நிலையிலேயே இருக்கிறதா என்று தினமும் வந்து பார்க்க விவரம் தெரிந்த ஒருத்தர் வேண்டும். டாக்டரம்மா பேரை எழுதிக்கொண்டார்கள். முதல் அமர்வு ஆறு வாரம் கழித்து. தலைவர் மாமாவின் கையைப் பிடித்துக் குலுக்கி, உங்களைப் போன்ற குடிமக்கள்தான் நாட்டுக்குத் தேவை என்று சொல்லிவிட்டுப் போனார். எல்லாரும் போனார்கள்.

டாக்டரம்மா கத்திகளைப் பார்த்தார். "ஆறு வாரம்" என்றார். "ஒரு நாளைக்கு நாலு பேர் பண்ணலாம். ஆனா சான்றிதழ் இல்லாம எவன் வருவான்? எவன் எங்க கிடக்கறான்னு எனக்கு எப்படித் தெரியும்?"

மாமா முதல் பீரோவைத் திறந்து மேல்கட்டிலிருந்த ஒரு கோப்பை எடுத்தார். அட்டையிலேயே பேர், நோய், வீட்டு விலாசம் எல்லாம் எழுதியிருந்தது. பேரை வாய்க்குள் படித்தார், விலாசத்தைச் சத்தமாகப் படித்தார். மூன்றாவது மாடி.

"மாப்ள, கயித்தை எடு" என்றார். "இந்தத் தடவை நான் மேல்பிடி."